நடை முதலில், மறதி பிறகு: ஒரு டிமென்ஷியா நோயாளியிடம் காரணம் தேடிய விதம்

வயது 71. ஆண். கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுமார் 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. மனைவியும் மகளும் அழைத்து வந்தார்கள். கையில் இருந்த பழைய சீட்டில் 'அல்சைமர் வகை டிமென்ஷியா' என்று எழுதி டோனெபெசில் கொடுத்திருந்தார்கள். எட்டு மாதமாக மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் ஆள் மோசமாகிக்கொண்டே போகிறார் என்பது மகளின் கவலை. "இதைவிட ஸ்ட்ராங்கா வேற மருந்து இருக்கா டாக்டர்?" என்று கேட்டார்.

நோயாளி யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ நிகழ்வுகளின் வரிசை மாறவில்லை.

மருந்தைக் கூட்டுவதற்கு முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. டிமென்ஷியா என்பது ஒரு நிலை. நினைவு, கவனம், மொழி, திட்டமிடல் போன்ற திறன்களில் சில குறைந்து, அன்றாட வேலையைத் தானாகச் செய்ய முடியாமல் போவதை அப்படி அழைக்கிறோம். காய்ச்சல் என்று எழுதிவிட்டு, எதனால் காய்ச்சல் என்று கேட்காமல் எந்த மருத்துவரும் நிறுத்துவதில்லை. டிமென்ஷியாவில் மட்டும் அந்த இரண்டாவது கேள்வி பலமுறை கேட்கப்படாமலே போகிறது. அல்சைமர்தான் மிகப் பொதுவான காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 60 முதல் 70 சதவீதம் வரை அதன் பங்கு. பெரும்பான்மை அதுதான் என்பதாலேயே எல்லோர் மீதும் அந்தப் பெயரை ஒட்டிவிடுவது சுலபமாகிவிடுகிறது.

எது முதலில் வந்தது?

மறதி எவ்வளவு என்று கேட்பதைவிட, முதலில் எது மாறியது என்று கேட்பது அதிகம் சொல்லும். மகள் உடனே பதில் சொன்னார்: ஒன்றரை வருடம் முன்பு ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் கட்டினார். வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதியவர் அப்படிச் செய்தது வீட்டையே உலுக்கியிருக்கிறது.

மனைவி பேசாமல் இருந்தார். அவரிடம் தனியாகக் கேட்டேன். "அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே நடை மாறிப்போச்சு டாக்டர். கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நிப்பாரு. முட்டி தேஞ்சிருக்குன்னு சொன்னாங்க" என்றார். முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், தேய்மானம் இருந்தது, பிசியோதெரபி நடந்தது. அந்த வயதில் பலருக்கும் எக்ஸ்ரேயில் கொஞ்சம் தேய்மானம் தெரியும். வலி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. வலியில்லாத முட்டி ஒருவரை நடக்கவிடாமல் நிறுத்தாது.

சிறுநீரைப் பற்றி யாரும் தாமாகச் சொல்லவில்லை. கேட்டபிறகுதான் வந்தது. அவசரம் முதலிலேயே லேசாக இருந்தது. டோனெபெசில் அளவை 10 மில்லிகிராமாக உயர்த்திய பிறகு அது அதிகமாகி, கழிவறைக்குப் போய்ச் சேர்வதற்குள் நனைந்துவிடத் தொடங்கியது. அதற்காக வேறொரு இடத்தில் ஆக்சிபியூட்டினின் கொடுத்திருக்கிறார்கள். அந்த மாத்திரை தொடங்கி நான்கு மாதம். வாய் வறட்சி, மலச்சிக்கல், மாலை நேரக் குழப்பம், கதவில் தொங்கும் சட்டையை ஆள் என்று நினைப்பது எல்லாம் இந்த நான்கு மாதத்துக்குள் வந்தவை.

இந்த இரண்டு மாத்திரைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். டோனெபெசில் மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சிதைவதைத் தடுத்து அதன் அளவைக் கூட்டுகிறது. அந்த வேலை மூளையோடு நிற்பதில்லை. சிறுநீர்ப்பையும் அதே வேதிப்பொருளால் சுருங்குகிறது. ஆக்சிபியூட்டினின் அதே அசிட்டைல்கோலினைத் தடுக்கிறது, அதுவும் சிறுநீர்ப்பையில் மட்டுமில்லாமல் மூளையிலும். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோய் என்று நினைத்து, அதற்கு இன்னொரு மருந்து கொடுத்து, அந்த இரண்டாவது மருந்து முதல் மருந்தின் வேலையைக் கெடுத்துவிட்டது. முதியவர்களிடம் இந்த ஜோடியை அடிக்கடி பார்க்கலாம். அதனால் முதல் நாள் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்கிறேன். சீட்டில் இருப்பது மட்டும் போதாது. சளிக்கும் தூக்கத்துக்கும் அரிப்புக்கும் கடையில் தாமாக வாங்கிப் போடும் மாத்திரைகளிலும் இதே குணம் உண்டு.

பரிசோதனை

நாற்காலியிலிருந்து கையை ஊன்றி எழுந்தார். எழுந்து நின்றதும் முதல் அடி வரவில்லை. உடம்பு முன்னால் போக முயல்கிறது, பாதம் இடத்தைவிட்டு நகரவில்லை. பிறகு இரண்டு மூன்று சின்ன இழுப்புகள், அதற்குப் பின் நடை. பாதங்கள் அகன்று, விரல்கள் வெளிப்பக்கம் திரும்பி, தரையைவிட்டு உயராமல் உரசிக்கொண்டே போயின. திரும்பச் சொன்னபோது முழுதாகத் திரும்ப எட்டு அடி எடுத்தார். ஆனால் கைகள் இரண்டும் நன்றாக வீசின. முகத்தில் இறுக்கம் இல்லை, கை நடுக்கம் இல்லை. பார்க்கின்சன் நோயில் இப்படிக் கைவீச்சு மிஞ்சியிருப்பது அரிது.

அடுத்தது படுக்கவைத்து, சைக்கிள் மிதிப்பதுபோல் கால்களைச் சுழற்றச் சொல்வது. தயக்கமே இல்லாமல் சுழற்றினார். காலில் பலம் இருக்கிறது. நிற்கும்போது நடையைத் தொடங்கி ஓட்டும் மூளைப் பகுதியில்தான் தடை.

இதே நடைக்கும் சிறுநீர்ப் பிரச்சினைக்கும் கழுத்தில் தண்டுவடம் நசுங்குவதும் காரணமாகலாம். அதைத் தவிர்க்க அனிச்சைச் செயல்களைப் பார்த்தேன். மிகையாக இல்லை, கை விரல்களின் நுண்வேலையும் சரி. கால் பெருவிரலில் அதிர்வு உணர்வு குறைந்திருந்தது, கணுக்கால் அனிச்சை இல்லை. சர்க்கரை நோயாலும் இருக்கலாம், வைட்டமின் பி12 குறைவாலும் இருக்கலாம். கண்கள் மேலும் கீழும் தடையின்றி நகர்ந்தன. அடிக்கடி பின்பக்கம் விழுபவரிடம் அதைப் பார்க்காமல் விடக்கூடாது. பார்க்கின்சன் போலத் தோன்றும் வேறொரு நோய் அங்கேதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

அறிவாற்றலுக்கு மோகா பரிசோதனை: 30-க்கு 17. எண்ணைவிட, அந்த எண் எப்படி வந்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். 93 என்றார். நீண்ட மௌனம். நான் அடுத்த கேள்விக்குப் போய்விடலாமா என்று யோசிக்கும் நேரத்தில் 86 என்றார். மறுபடி மௌனம், பிறகு 79. ஒரு விடைகூடத் தவறில்லை. கணக்கு தொலைந்துபோகவில்லை, கைக்கு வந்துசேர நேரம் பிடிக்கிறது. மூளையின் புறணி கெடும்போது விடை தவறும். அதற்கு அடியில் உள்ள இணைப்புகள் பாதிக்கப்படும்போது விடை தாமதிக்கும் என்று பொதுவாகச் சொல்லலாம்.

ஐந்து சொற்களை நினைவில் வைத்துச் சொல்லும் பகுதியில் கதை அவ்வளவு தெளிவாக இல்லை. ஐந்து நிமிடம் கழித்துத் தானாக ஒன்றுகூட வரவில்லை. 'அது ஒரு நிறம்' என்பதுபோல் குறிப்பு கொடுத்ததும் இரண்டு வந்தன. மற்ற மூன்றும் எந்தக் குறிப்புக்கும் வரவில்லை. குறிப்பு கொடுத்து வருகிறதென்றால் நினைவு பதிந்திருக்கிறது, எடுக்க முடியவில்லை என்று பொருள். குறிப்புக்கும் வராவிட்டால் பதியவே இல்லை. அது அல்சைமரின் போக்கு. இவரிடம் இரண்டும் கலந்திருந்தன. அந்தக் கலப்பைக் குறித்துவைத்தேன்.

மனச்சோர்வுக்கான கேள்விகளில் எதுவும் சிக்கவில்லை. காது கேட்டது. உறக்கத்தில் கை கால் வீசுவது, கத்துவது, கனவை நடித்துக்காட்டுவது உண்டா என்று மனைவியைக் கேட்டேன், இல்லை. சட்டையை ஆளாக நினைத்ததால் லூயி உடல் டிமென்ஷியாவை மனதில் வைக்க வேண்டியிருந்தது. அதற்கு இந்த உறக்கக் கேள்வி மிக முக்கியம். அந்த நோயில், தெரியாமல், குழப்பத்தை அடக்கக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்தைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ரத்தமும் படமும்

பி12 அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 168 பிகோகிராம். 200-க்குக் கீழ் என்றால் குறைவு. நீண்டகாலம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களிடம் இது எதிர்பார்க்க வேண்டியதே. குடலில் பி12 உறிஞ்சப்படுவதை அந்த மருந்து குறைக்கிறது. ரத்தசோகை இல்லை என்பதால் பி12 குறைவு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. ரத்தம் சரியாக இருக்கும்போதே நரம்பு கெடலாம். தைராய்டு எண்ணில் லேசான உயர்வு. அதன்மீது பழிபோட மனம் வரவில்லை. சோடியம், கால்சியம், சிறுநீரகம், கல்லீரல் சரி. நாடித்துடிப்பு 52, இ.சி.ஜி.யில் இதயத்தின் மின்கடத்தலில் தடை இல்லை. டோனெபெசில் இதயத்தை மெதுவாக்கும் என்பதால் இதையும் கணக்கில் சேர்த்தேன்.

பழைய சி.டி. ஸ்கேன் அறிக்கையில் 'வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்' என்று இருந்தது. அறிக்கையை மூடிவைத்துவிட்டுப் புதிய எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்தோம். மூளைக்கு நடுவில் திரவம் நிறைந்த அறைகள் மிகவும் விரிந்திருந்தன. அறைகளின் முன்கொம்புகளின் அகலத்தை மண்டையோட்டின் உள் அகலத்தால் வகுத்தால் வரும் எவன்ஸ் குறியீடு 0.37; 0.3-ஐத் தாண்டினாலே விரிவு. வெறும் சுருக்கம் என்றால் மூளையின் மேற்பரப்பு மடிப்புகளுக்கு இடையிலும் இடைவெளி கூடியிருக்க வேண்டும். இவருக்கு உச்சியில் மடிப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன, பக்கவாட்டுப் பிளவுகள் மட்டும் அகன்றிருந்தன. இரண்டு அறைகளுக்கு இடைப்பட்ட கோணம் 72 டிகிரி. மூளைநீர்த் தேக்கம் என்ற நோயில் அது 90-க்குக் கீழ் வரும். திரவம் தேங்கி அறைகள் உள்ளிருந்து விரிவதன் படம் இது.

படத்தில் வேறு சிலவும் இருந்தன. நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் லேசாகச் சுருங்கியிருந்தது. வெள்ளைப் பகுதியில் சிறு ரத்தக்குழாய் நோயின் அடையாளங்களும் நுண் ரத்தக்கசிவுத் தடங்களும் இருந்தன. ஆக, ஒரே ஆளிடம் ஐந்து சந்தேகங்கள்: மருந்துகள், பி12 குறைவு, மூளைநீர்த் தேக்கம், சிறு ரத்தக்குழாய் நோய், அல்சைமர்.

ஒவ்வொன்றாக நீக்கியது

எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யத் தோன்றும். செய்தால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது. முதலில் ஆக்சிபியூட்டினினைக் குறைத்து நிறுத்தினோம். டோனெபெசிலையும் படிப்படியாக நிறுத்தினோம். பி12 ஊசி தொடங்கினோம். மகளுக்கு டோனெபெசிலை நிறுத்துவது பயமாக இருந்தது. நிறுத்திய பிறகு மோசமானால் திரும்பத் தொடங்குவோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே சம்மதித்தார்.

ஆறு வாரத்தில் மாலைக் குழப்பம் போயிருந்தது, சட்டை ஆளாகத் தெரியவில்லை, நாடித்துடிப்பு 66. மோகா 20. இந்த மூன்று புள்ளியில் கொஞ்சம், ஏற்கெனவே எழுதிய பரீட்சையை மறுபடி எழுதியதால் வந்ததாகவும் இருக்கலாம். ஆனால் நடை துளியும் மாறவில்லை. சிறுநீர் அவசரம் குறைந்தது, நிற்கவில்லை. மருந்துகள் ஒரு அடுக்கு. அதற்குக் கீழே வேறொன்று இருக்கிறது என்று அந்த மாறாத நடைதான் காட்டிக்கொடுத்தது.

இயல்பு அழுத்த மூளைநீர்த் தேக்கத்தை, மருத்துவர்கள் வழக்கில் என்.பி.எச். என்பதை, முதலில் அடையாளம் கண்டவர் கொலம்பியாவின் நரம்பியல் அறுவை மருத்துவர் சாலமோன் ஹாகிம். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ரேமண்ட் ஆடம்ஸோடு சேர்ந்து 1965-இல் அதை உலகுக்கு எழுதினார். அறைகள் விரிந்திருக்கும், ஊசி போட்டு அளந்தால் அழுத்தம் இயல்பாக இருக்கும். திரவத்தை வடித்தால் ஆள் தேறுவார். நடைத் தடுமாற்றம், சிறுநீர்க் கட்டுப்பாடின்மை, அறிவுத் தளர்ச்சி என்ற மூன்றும் அதன் அடையாளங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் வரக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். பெரும்பாலும் நடைதான் முந்தும். அல்சைமரில் நடை கெடுவது வழக்கமாகப் பிந்தைய கட்டத்தில்; அதனால்தான் அந்த அம்மா சொன்ன ஒரு வருட இடைவெளி அவ்வளவு மதிப்புள்ளது.

முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி 40 மி.லி. திரவம் எடுத்தோம். தொடக்க அழுத்தம் 14 சென்டிமீட்டர் நீர், அதாவது இயல்பு. எடுப்பதற்கு முன் பத்து மீட்டர் நடக்க அவருக்கு 23 விநாடி, 34 காலடி. நான்கு மணி நேரம் கழித்து 16 விநாடி, 24 காலடி. திரும்புவதற்கு எட்டு அடிக்குப் பதில் நான்கு. இதைக் கண் மதிப்பில் விடக்கூடாது. நல்லது நடக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கிறது, மருத்துவருக்கும்தான். கடிகாரமும் வீடியோவும் வேண்டும். இன்னொன்று, இந்தச் சோதனையில் முன்னேற்றம் தெரியாவிட்டால் நோய் இல்லை என்று கைவிடுவதும் தவறு. சிலருக்கு இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வடித்துப் பார்த்த பிறகே தெரியும்.

எடுத்த திரவத்தை அல்சைமர் புரதங்களுக்கும் அனுப்பினோம். என்.பி.எச். நோயாளிகளின் திரவத்தில் அமைலாய்டு, டாவ் ஆகிய புரதங்கள் பொதுவாகவே குறைந்து காணப்படும். எனவே அமைலாய்டு 42-ஐ மட்டும் தனியாகப் படித்தால் ஏமாறுவோம். அமைலாய்டின் 42, 40 என்ற இரண்டு வடிவங்களுக்கும் உள்ள விகிதம் பார்க்க வேண்டும். விகிதம் குறைவாக இருந்தது. டாவின் ஒரு வடிவமான பாஸ்போ-டாவ் கூடியிருந்தது. அல்சைமரும் இருக்கிறது.

"அப்போ முதல்ல சொன்னதுதான் சரியா?"

மகள் கேட்டது இதைத்தான். முகத்தில் அதுவரை இருந்த நம்பிக்கை இறங்கிவிட்டது. முதல் மருத்துவர் எழுதிய பெயர் தவறில்லை என்று சொன்னேன். ஆனால் அவரை நடக்கவிடாமல் வைத்திருப்பது அந்த நோய் இல்லை, மாலையில் குழப்பியதும் அந்த நோய் இல்லை. இறந்தபின் மூளையை ஆராய்ந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது, முதுமையில் டிமென்ஷியா வந்தவர்களில் பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கோளாறுகள் சேர்ந்தே இருக்கின்றன என்பதை. ஒரு காரணம் கிடைத்ததும் தேடலை நிறுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை.

பிறகு ஷண்ட் பற்றிப் பேசினோம். மூளை அறையிலிருந்து வயிற்றுக்கு, தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய குழாய், நடுவில் வால்வு. அல்சைமர் சேர்ந்திருப்பவர்களுக்குப் பலன் குறையலாம், அதற்காக மறுத்துவிட வேண்டியதில்லை. 2025-இல் வெளியான ஒரு சோதனையில் 99 பேருக்கும் ஷண்ட் வைத்து, ஒரு பாதியினருக்கு வால்வைத் திறந்தும் மறுபாதியினருக்குக் கிட்டத்தட்ட மூடியும் வைத்தார்கள். மூன்று மாதத்தில் திறந்தவர்களின் நடை தெளிவாக வேகம் கூடியது. நினைவு மதிப்பெண்ணில் அப்படித் தெளிவான வித்தியாசம் இல்லை. இதை ஒளிக்காமல் குடும்பத்திடம் சொன்னேன்: நடை திரும்ப நல்ல வாய்ப்பு, சிறுநீர் ஓரளவு, நினைவைப் பொறுத்து வாக்குக் கொடுக்க முடியாது. தொற்று, அடைப்பு, மூளையைச் சுற்றி ரத்தம் தேங்குதல் ஆகிய ஆபத்துகளையும் சொன்னேன்.

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த நோயாளி மெதுவாகச் சொன்னார்: "நடந்து பாத்ரூம் போனா போதும். மத்ததைப் பார்த்துக்கலாம்." முடிவை அவர்தான் எடுத்தார்.

பிறகு

அறுவை நல்லபடி நடந்தது. ஐந்தாவது வாரம் எழுந்து நின்றால் தலைவலி, படுத்தால் சரி என்று வந்தார். சி.டி.யில் மூளையைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம்; திரவம் தேவைக்கு மேல் வடிகிறது. காந்தக் கருவியால் வெளியிலிருந்தே வால்வின் அழுத்தத்தை உயர்த்தினார்கள், மூன்று வாரத்தில் படலம் மறைந்தது.

மூன்றாம் மாதம் பத்து மீட்டருக்கு 13 விநாடி. பகலில் நேரத்துக்குக் கழிவறை போய்விடுகிறார், இரவில் இன்னும் சிக்கல். மோகா 21. ஒரு வருடத்தில் நடை 14 விநாடி, கிட்டத்தட்ட அப்படியே. மோகா 19. நடை நின்ற இடத்தில் நிற்க, நினைவு மட்டும் மெல்ல இறங்குகிறது. இரண்டு நோய்களும் தனித்தனியே தம் பாதையில் போவதை ஒரே ஆளிடம் பார்க்க முடிகிறது.

'குணமாகும் டிமென்ஷியா' என்ற பேச்சு வரும்போது எனக்கு இவர்தான் நினைவுக்கு வருகிறார். 2003-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், திருப்பக்கூடிய காரணம் 9 சதவீதம் பேரிடம் இருந்தது. உண்மையில் ஓரளவோ முழுதாகவோ திரும்பியவர்கள் 0.6 சதவீதம்தான். இந்த எண்ணைக் காட்டித் தேடுவதே வீண் என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. டிமென்ஷியா திரும்பியதா என்று மட்டும் பார்க்கும் அந்தக் கணக்கில் இவர் வருவது சந்தேகமே. ஆனால் மாலையில் பயந்து நடுங்கியவர் இப்போது நிம்மதியாக இருக்கிறார், சக்கர நாற்காலிக்குப் போகவேண்டியவர் நடக்கிறார். அவரைத் தூக்கித் தூக்கி முதுகு ஒடிந்துபோயிருந்த மனைவிக்கு இது எவ்வளவு பெரிது என்று எந்த மதிப்பெண்ணும் அளப்பதில்லை.

இவரிடம் மாற்றம் ஆண்டுக்கணக்கில் வந்தது, யோசிக்க நேரம் இருந்தது. நாட்களில் அல்லது வாரங்களில் அறிவு மாறினால் இந்த நிதானம் கூடாது. தலையில் லேசாக அடிபட்ட பிறகு மெல்லச் சேரும் ரத்தக்கட்டு, மூளை அழற்சி, சோடியம் குறைதல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, மறைந்திருக்கும் தொற்று ஆகியவற்றை அன்றே பார்க்க வேண்டும். 'வயசானா இப்படித்தான்' என்று ஒரு வாரம் காத்திருந்தாலே சிலவற்றில் கைமீறிப்போகும்.

இப்போதைய நிலை: அமைலாய்டை அகற்றும் புதிய ஊசி மருந்துகள், எம்.ஆர்.ஐ.யில் இருந்த நுண் ரத்தக்கசிவுத் தடங்களால் இவருக்குப் பாதுகாப்பில்லை என்று விட்டுவிட்டோம். குறைந்த அளவில், டோனெபெசில் வகையைச் சேர்ந்த ரிவாஸ்டிக்மின் ஒட்டுப்பட்டை போட்டிருக்கிறோம். நாடித்துடிப்பும் சிறுநீரும் கண்காணிப்பில் உள்ளன, அவசரம் கூடினால் பட்டையை நிறுத்துவோமே தவிர அதற்கு மாத்திரை சேர்க்கமாட்டோம். பி12 தொடர்கிறது. வால்வின் வகையும் அழுத்த எண்ணும் எழுதிய அட்டை அவர் பையிலேயே இருக்கிறது. சில வால்வுகளின் அமைப்பை எம்.ஆர்.ஐ. காந்தம் மாற்றிவிடும் என்பதால் எடுத்த அன்றே சரிபார்க்க வேண்டும். வங்கிக் கணக்கையும் சொத்துப் பத்திரங்களையும் பற்றி அவருக்கு முடிவெடுக்கும் தெளிவு இருக்கும்போதே அவர் விருப்பப்படி எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன், பாதி முடிந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மகள் நடை வீடியோ அனுப்புகிறார். நடை திடீரென்று தளர்ந்தால் அல்சைமர் முற்றிவிட்டது என்று நினைக்காமல் முதலில் ஷண்டைச் சோதிக்க வேண்டும் என்று அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது.